பிந்தி வந்த மே

மானிப்பாய் ஆசுப்பத்திரிக் களஞ்சியத்துக்கு
பொஸ்டனிலிருந்து வந்த ஏழாம் பெட்டியில்
எட்வின் டோலிவர் செத்துப்போனான்.

அயடின் போத்தலொன்றைச் சுற்றியிருந்தது அவன் சாவு.
செப்டம்பர். மண் ஓடுதளம். எண்பத்தோராம் சுற்று.
முன்னால் போனவனின் புழுதி.
பிறகு வேலி.

போத்தலை எண்ணிப் பேரேட்டில் பதிந்தேன்.
தாளை நீவினேன், முழங்கையால்,
மடிப்புக்குள் போன எழுத்தும் தெரியும்படி.
உடுவிலில் படித்த ஆங்கிலத்துக்கு
அன்று கிடைத்த வேலை இது.

"என்ன பிள்ளை, எங்கட ஆள் என்ன செய்தானாம்?"
யன்னலுக்கு வெளியே அருளப்பு,
ஆசுப்பத்திரிக் காரின் சாரதி,
கையில் கிறீஸ் துணி.

இரண்டாம் பெட்டியில் தொடங்கிய கேள்வி.
அதற்குள் ஓகஸ்ட் இருந்தது:
ஒரு மைல் வட்டம், நூறு மைல் ஓட்டம், டோலிவர் மூன்றாவது.
நாலாம் பெட்டியில் படம் மட்டும்.
பதினேழாம் இலக்கம். முகமெல்லாம் எண்ணெய்க் கறுப்பு,
கண்ணாடி கழற்றிய இடம் இரண்டும் வெள்ளை.
அதைச் சோற்றுப் பசையால்
கராஜ் சுவரில் ஒட்டினான் அருளப்பு,
மாதாவுக்குக் கொஞ்சம் கீழே.

"வட்டமாத்தான் ஓடுறாங்களோ, ஒரு இடத்துக்கும் போகாமல்?"
ஓம்.
"இடப்பக்கம் மட்டும் திருப்பியோ?"
ஓம்.
கனநேரம் நிலத்தைப் பார்த்தான்.
"அப்ப, வலப்பக்க ரயர்தான் முதலிலை தேயும்."
தாளின் மூன்றாம் பத்தியில்
அதே வசனம் இருந்தது.
நான் இன்னும் அதை வாசித்துச் சொல்லியிருக்கவில்லை.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்த கையோடு,
முற்றவெளியை நாற்பது தரம் சுற்றினானாம்.
ஒரு பக்கம் கோட்டை அகழி.
மாடுகள் எழும்பி விலகிப்போய்
பிறகு பழகிப் படுத்துக்கொண்டனவாம்.
டொக்டர் பெற்றோல் கணக்குக் கேட்டபோது சொன்னான்:
"நோயாளியின்ரை வீடு பிடிபடேல்லை ஐயா.
சுத்திச் சுத்தித் தேடினனான்."

இந்த மனிசனுக்குத்தான்
ஏழாம் பெட்டியை வைத்துக்கொண்டு சொன்னேன்:
"இந்தமுறை ஒண்டும் இல்லை. வைக்கோல்தான்."

எட்டாம் பெட்டியில் உண்மையாகவே வைக்கோல்.

ஒன்பதாம் பெட்டியைத் திறந்தால் மே மாதம்.
கப்பல் எந்தத் துறையில் படுத்துக் கிடந்ததோ,
கொழும்பில் எந்த மூலையில் மறந்துவிட்டார்களோ,
காச்சல் மானிகளைச் சுற்றிக்கொண்டு
டோலிவர் உயிரோடு வந்திறங்கினான்.
செங்கல் பாவிய பெரிய ஓடுதளம், ஐந்நூறு மைல்,
நாற்பது விநாடியில் முதலிடத்தைத் தவறவிட்டவன்
தொப்பியைக் கழற்றிச் சிரிக்கிறான்.
கீழே அவன் சொன்னது:
"பரவாயில்லை. அடுத்த வருசம் பார்ப்போம்."

அருளப்புவைக் கூப்பிட்டு வாசித்தேன்.
ஒவ்வொரு சொல்லாக, சத்தமாக,
மருந்து கலக்கும் அறைக்கும் கேட்கும்படி.
திகதியை வாசிக்கவில்லை.

"நாற்பது விநாடியோ!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.
"ஒருக்கால் ரயர் மாத்திற நேரமடி பிள்ளை.
வாற வருசம் விடமாட்டான், இருந்து பார்."

பத்தாம் பெட்டி வரவில்லை.
யுத்தம் வந்தது. பெற்றோலுக்குத் துண்டு வந்தது.
கார் நாலு கல்லில் ஏறி நிற்கிறது.
காலையில் அதன் சில்லைக் கையால் சுழற்றி விடுவான்,
இறுகிப்போகக்கூடாதாம்.
"அங்கையும் ஓட்டத்தை நிப்பாட்டிப்போட்டாங்கள் போல.
ஆள் புது ரயரோடை காத்துக்கொண்டிருப்பான்."

ஓம் என்கிறேன்.

பேரேட்டில் அந்தப் பக்கம் மட்டும்
மற்றப் பக்கங்களைவிடத் தடிப்பு.
விரித்தால் தாள் விழும்,
ஆகவே விரல் கொடுத்துப் பிடித்துக்கொண்டு
என் கையெழுத்தையே வாசிப்பேன்:

ஏழாம் பெட்டி.
அயடின், பன்னிரண்டு போத்தல்.
உடைவு இல்லை.