எர்த் குழிக்கு ஒரு வாளி

போன ஐப்பசியில் இடி விழுந்து நியூட்ரல் அறுந்து
பள்ளத்தூரில் எங்கள் தெரு பல்பெல்லாம்
ஒரு நிமிஷம் சூரியனாகிப்
பொசுக்கென்று போயின.
ஏழு டிவி, மூன்று பிரிட்ஜ்,
கறிக்கடை ஜபாரின் எடை மெஷின்,
இந்த வீட்டுக் கேமராப் பெட்டி.
கருகல் வாடை மூன்றாங்கட்டு வரை.
பதினெட்டாயிரம்.

கிள்ளானிலிருந்து சாத்தப்பன் பேசினார்:
"இனிமே வானம் கறுத்தா
எல்லாப் பிளக்கையும் பிடுங்கிரணும் வெள்ளையம்மா.
சுவிட்சை அணைச்சாப் பத்தாது.
பிடுங்கணும்."

பிடுங்குகிறேன்.
முகப்பில் டிவி, அடுப்படியில் கிரைண்டர்,
மாடியில் யாரும் படுக்காத அறையின் ஏசி,
மோடத்தின் கரண்டு வால், கூடவே டெலிபோன் வால்,
அது வழியாகவும் வருமாம்,
மின்னலுக்கு எந்த வாசலும் வாசல்தான்.
கடைசியாக,
ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு,
கேமராப் பெட்டி.

சிவப்புப் பொட்டு அணைகிறது.
எட்டுக் கண்ணும் மூடுகிறது.

அப்புறம்
வளவு நடுவே காலை நீட்டுகிறேன்.
தேக்குத் தூணில் முதுகு சொறிகிறேன்.
முதலாளி நாற்காலியில் ஒருதரம் உட்கார்ந்தும் பார்த்தேன்;
ஒன்றுமில்லை, பிரம்பு குத்தியது.
நாலு மூலையிலும் மழை கொட்டக் கொட்ட
என் வீட்டுக்காரனைச் சத்தமாகத் திட்டினேன்,
செத்து நாலு வருஷமாகியும்
திட்டாமல் வைத்திருந்ததையெல்லாம்.
இடி ஆமாம் போட்டது.

போன் வரும்.
"கறுப்பாத் தெரியுதே?"
"இடிங்கய்யா."

ஒருநாள் இடியே இல்லை.
ஒரு மேகம் காரைக்குடிப் பக்கம்
தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.
"இடிங்கய்யா" என்றேன்.

தை பிறந்ததும் தேவகோட்டை சூசைராஜ் வந்தான்.
மீட்டர் பக்கத்தில்
தீப்பெட்டி கனத்தில் ஏதோ மாட்டினான்.
எகிறி வரும் கரண்டை மண்ணுக்குத் திருப்புமாம்.
கிணற்றடியில் பத்தடிக் குழி,
செம்பு ராடு, அடுப்புக்கரி, ஒரு மூட்டை உப்பு.
அளந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.
"செம்பராங்கல்லு. காஞ்சு கெடக்கு,
கரண்டக் குடிக்க மாட்டேங்குது.
வெயில் காலத்துல தெனம் ஒரு வாளி ஊத்துங்க.
இனி நீங்க கெடந்து அலைய வேணாம்."

எனக்கு என்னவோ போலாகிவிட்டது.
ஏணியை மடக்கும்போது
அவனாகவே சொன்னான்:
"நேராத் தலையில விழுந்துச்சுன்னா
இதுவும் காப்பாத்தாது, பாத்துக்கங்க."

அந்த ஒரு வார்த்தையை
முந்தியில் முடிந்துகொண்டேன்.

சித்திரை முழுக்க ஊற்றினேன்.
ஒருநாளும் தவறவில்லை,
அந்தப் பழி எனக்கு வேண்டாம்.
குழி கடகடவென்று குடித்துவிட்டு
இன்னும் என்பதுபோல் கிடக்கும்.

இன்று மேற்கே கறுத்து வருகிறது.
கேட்பார், "அதான் மாட்டியாச்சே?"
சொல்ல என்னிடம் ஒன்று இருக்கிறது.

கையைத் துடைத்துக்கொள்கிறேன்.