ஆறு மாதம்

புறக்கோட்டையில் ரிஸ்மி நானா
மூன்றையும் தரையில் வைத்தார்.
மண்ணடுப்பு மலிவு, பஸ்ஸில் உடையும்.
வார்ப்பிரும்பு, இரட்டை வாய்:
தூக்கிப் பார்த்தேன், முதுகு பேசியது.
தகரம் ஆறு மாதம், பிறகு துரு.

"புகை எங்க போகும் தம்பி?"

வெள்ளவத்தை, நாலாம் மாடி.
வாடகை ஒப்பந்தத்தில்
ஆணி கூடாது, பூனை கூடாது.
நெருப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை,
மேல்மாடி மிஸிஸ் வன்னியாராச்சி காயப்போடும்
வெள்ளைச் சேலைகளைப் பற்றியும்.

தகரத்தையே வாங்கினேன்.
ஆறு மாதத்துக்குள் கேஸ் வந்துவிடும்
என்பது சுகிர்தாவின் கணக்கு.

நூறாம் நம்பர் பஸ், மடியில் அடுப்பு.
காலி வீதி நெடுக
கண் விறகு பொறுக்கிக்கொண்டே வந்தது:
ஆப்பிள் பெட்டி, உடைந்த வாங்கு,
போன தேர்தலின் கட்அவுட் சட்டம்.

வீட்டில் சுகிர்தா எழுந்து உட்கார்ந்தாள்.
நான் கால்களைப் பார்த்தேன்.
கட்டிலின் கால்களை.