கூட்டாத கூடம்

ஐயாயிரம் பெட்டி டைல்ஸ் விற்றால்
இத்தாலிக்கு டிக்கெட் என்றது கம்பெனி.
பாடாங் செராயில் யார் வாங்குவார் அவ்வளவு?
ரப்பரை வெட்டிச் செம்பனை,
செம்பனையை வெட்டித் தாமான்,
தாமானில் நானூறு வீடு.
நானூற்றுக்கும் ஒரே சாம்பல் நிறம் என்று
மேம்பாட்டாளர் கையெழுத்துப் போட்ட அன்று
தவ்கே சூ என்னைக் கூப்பிட்டார்:
"லிங்கம், எனக்கு முழங்கால் வலி. நீ போ."

போனேன்.

சந்தையில் இரண்டு நாள்.
மூன்றாம் நாள் பஸ்ஸில் ஊருக்கு வெளியே கொண்டுபோய்
இடிந்த மாளிகை ஒன்றைக் காட்டினார்கள்.
கூரை இல்லை. சுவர் இடுப்பளவு.
தரை மட்டும் இருந்தது.
என் தொழிலுக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

இரும்புப் பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தோம்.
குளியலறைத் தரை ஓரிடத்தில் உடைந்து
அடியில் குட்டைத் தூண்கள் வரிசையாய்.
கீழே அனல் ஓடும், மேலே பாதம் இதமாக இருக்கும்
என்றாள் வழிகாட்டி சில்வானா.
விறகு தள்ளியவன் எங்கே நின்றான் என்று கேட்டேன்.
பின்பக்கம் ஒரு பொந்தைக் காட்டினாள்.
தோட்டத்துப் புகைவீட்டு அடுப்புவாயைவிடச் சின்னது.

பிறகு சாப்பாட்டுக் கூடம்.
மற்றவர்கள் மயிலையும் திராட்சைக் கொடியையும் படமெடுக்க
நான் ஓரத்தில் நின்றுவிட்டேன்.
அங்கே குப்பை.
மீன்முள், நண்டுக்கால், எலுமிச்சைத் தோல்,
சப்பித் துப்பிய கோழியெலும்பு,
கொட்டை ஓட்டை நோண்டும் சுண்டெலி.
எல்லாம் கல். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய கல்.
விருந்துக்குப் பிறகு யாரும் கூட்டாத தரையை
விருந்துக்கு முன்பே செய்து வைத்திருக்கிறான்.

"இந்த வீட்டில் சிந்துவதே இவ்வளவு
என்று காட்டும் பணக்காரக் கேலி" என்றாள் சில்வானா.
சிரித்தார்கள். நானும்.

சிரிப்பு முடிவதற்குள் கண்ணில் பட்டது:
ஒவ்வொரு முள்ளுக்கும் அடியில்
சாம்பலாய் ஒரு நிழல்.
விருந்தாளி எவனும் அதைக் கேட்டிருக்க மாட்டான்.
குனிந்து பொறுக்கியவனுக்குத்தான் தெரியும்,
முள் தரையோடு ஒட்டிக் கிடக்காது,
நடு வளைந்து இரு நுனியில் நிற்கும் என்று.

ஊர் திரும்பிய மாதம்
உடைசல் துண்டுகளைச் சாக்கில் கட்டி வந்தேன்.
சமையலறை வாசலில் இரண்டடிக்கு இரண்டடி.
கெம்போங் மீன்முள். கச்சான் தோல்.
ரம்புத்தானுக்குச் சிவப்பு கிடைக்கவில்லை;
விரிசல் என்று திரும்பி வந்த லட்சுமி படத்து டைல்ஸில்
சேலையிலிருந்து எடுத்தேன், மன்னிக்கட்டும்.
எலி வேண்டாம் என்று விட்டேன்,
வீட்டில் நிஜமாகவே உண்டு.

நிழல்தான் வரவில்லை. மூன்று முறை பெயர்த்தேன்.
கடைசியில் பின்கதவைத் திறந்துபோட்டு
ஏழரை மணி வெயிலில்
நிஜ முள்ளொன்றை வைத்துக் கோடு கிழித்தேன்.
எறும்பு வந்தது. அதையும் நம்பிக்கையாக எடுத்துக்கொண்டேன்.

தவமலர் கூலிம் கையுறைத் தொழிற்சாலையில்
இரவு ஷிப்ட் முடிந்து வந்தாள்.
பஸ்ஸில் மிச்சம் வைத்த தூக்கம் கண்ணில்.
வந்ததும் விளக்குமாற்றை எடுத்தாள்.
ஒரு தள்ளு. இன்னொன்று.
குனிந்து நகத்தால் சுரண்டினாள்.
அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"யாருக்கு இந்த வேடிக்கை?
கூட்டுறவளுக்கா, பாக்குறவனுக்கா?"

சில்வானா சொன்னதைச் சொல்லவில்லை.
நிழலைக் காட்டினேன்.
அவள் விரல் அதன்மேல் போய் நின்றது.
"முள்ளு நிழல் சரிதான்" என்றாள்.
"கூட்டுறவ குனிஞ்சா வெளிச்சத்த மறைப்பாளே,
அவ நிழல் எங்க?"

போய்ப் படுத்துவிட்டாள்.

கடையில் நானூறு வீட்டுக்குப் போட்டு மிஞ்சிய
சாம்பல் நிறம் அரைப் பெட்டி இருக்கிறது.
குனிந்த முதுகு, நீட்டிய கை, விளக்குமாறு:
சதுர அடி கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.
இரண்டுக்கு இரண்டு காணாது.
வாசலைத் தாண்டிக் கூடம்வரை போகும்.