முட்டுச்சந்துக் குழாய்

பல் மருத்துவர் லெஹ்தோவாரா
கோட்கா துறைமுகத்துக்கு எதிரே என் பட்டறைக்குள்
கறுப்பு செடானை ஓட்டி வந்தபோது
கடற்காகங்கள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.
எட்டு சிலிண்டர்.
பூனை நடை.

"குரல் வேண்டும், ரைலி" என்றார்.
அவ்வளவுதான். கல்லுளிமங்கன்.
இரண்டாவது காபிக்குப் பிறகு மீதி வந்தது:
காலை எட்டிலிருந்து நாலு வரை
அவர் காதில் துளைக்கருவியின் ஊசிச்சத்தம்.
வீடு திரும்பும் இருபது நிமிடமாவது
யாராவது அடிவயிற்றிலிருந்து பேச வேண்டுமாம்.

"இப்போதும் மிதித்தால் உள்ளே கொஞ்சம் உறுமுகிறதே,
அதையே கூட்டினால் போதாதா?"

நான் ஒரு ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு
மிதிக்கச் சொன்னேன்.
உறுமல் இல்லை.
இரவல் குரல், ஐயா.
கதவுக்குள் ஒளிந்திருந்த ஸ்பீக்கர் பாட
இன்ஜின் இத்தனை வருஷம் வாயசைத்திருக்கிறது.
அவர் முகம்,
எக்ஸ்ரேயில் சொத்தையைக் காட்டுகிறவர் முகமாக இல்லை,
காட்டப்படுகிறவர் முகமாக இருந்தது.

லிஃப்டில் ஏற்றினேன்.
குளிர்கால உப்பு தின்ற வயிறு.
தலையணை அளவில் இரண்டு சைலன்சர்கள்.
அறுத்தால், உள்ளே கண்ணாடிப் பஞ்சு,
துளையிட்ட குழாய், அறைக்குள் அறை.
ஒரு சத்தத்தைக் கொல்ல எத்தனை பேர்
சம்பளம் வாங்கி யோசித்திருக்கிறார்கள்!

மூன்று அங்குல ஸ்டீல் குழாய் இரண்டு.
இடப்பக்க நாலும் வலப்பக்க நாலும்
மூச்சு மாற்றிக்கொள்ள நடுவில் ஒரு சந்திப்பு.
ஆர்கான் சீற, பற்றவைத்த தையல்
வைக்கோல் நிறமாகி, நீலமாகி, ஆறியது.
ஊதுகிற சங்கை ஊதினேன்:
நெடுஞ்சாலையில் ரீங்காரம் வரும்.
தலையாட்டினார்.
கேட்கவில்லை.

கிளப்பினார்.
பனி உடைக்கும் கப்பல்
முதல் பாளத்தில் மார்பை வைப்பதுபோல்
ஒரு குமுறல்.
சுவரில் ஸ்பேனர்கள் நடுங்கின.
எதையும் பாராட்டாத இல்ப்போ
கையுறையைக் கழற்றிவிட்டு நின்றான்,
ஏன் கழற்றினான் என்று அவனுக்கே தெரியாது.

மூன்றாம் வாரம் வந்தார், தோள் குறுகி.
ஹெல்சிங்கி சாலையில் நூற்றுப்பத்தில்
மண்டைக்குள் ஒரு வண்டு.
லோவீசா தாண்டும்போது மனைவி ஆன்னிக்கி
ஏதோ சொன்னாராம்.
போர்வூ வருவதற்குள் இன்னொரு முறை சொன்னாராம்.
அப்புறம் சொல்லவில்லை.
"என்னவென்று கேட்டீர்களா?"
"கேட்டேன். ஒன்றுமில்லை என்கிறாள்."

நிமிடத்துக்கு ஆயிரத்து எண்ணூறு சுற்று,
சுற்றுக்கு நாலு வெடிப்பு,
நொடிக்கு நூற்றிருபது.
வெல்டிங் கம்பி வந்த அட்டையின் பின்புறம் கணக்கு.
தொண்ணூற்றெட்டு சென்டிமீட்டர்.
அந்த நீளத்தில் ஒரு குழாய் வெட்டி
ஒரு முனையை அடைத்தேன்.
மறுமுனையை, ஓடும் பாதையின் விலாவில் பற்றவைத்தேன்.
எங்கும் போகாத குழாய்.
ரீங்காரம் அதற்குள் ஓடும், சுவரில் முட்டும்,
திரும்பி வருகையில்
தனக்கு எதிராகத் தானே வந்து நிற்கும்.
இரண்டுமே இல்லாமல் போகும்.
அந்த ஒரு சுருதி மட்டும்.
மற்றதெல்லாம் உறுமலாம்.

ஓட்டிப் பார்க்க ஆன்னிக்கியும் வந்தார்.
பின் இருக்கையில், என் தையலுக்கு நேர் மேலே, நான்.
நூற்றுப்பத்து.
வண்டு செத்துவிட்டது.
டயரின் ஈரச்சத்தம், ஒரு சட்டைப் பொத்தான்
சீட் பெல்ட்டில் உரசுவது, எல்லாம் கேட்டது.
மருத்துவர் மனைவி பக்கம் திரும்பினார்.
காத்திருந்தார்.

"வைப்பரைப் போடு," என்றார் ஆன்னிக்கி.
போட்டார்.
இரண்டு பாலம் போயிற்று.
"இப்போது மிதி."

மிதித்தார்.
மூவாயிரம், நாலாயிரம்,
கதவு, கண்ணாடி, என் பின்பற்கள் எல்லாம் அதிர
வண்டி வாய்விட்டுக் கத்தியது.
அந்தச் சத்தத்துக்கு அடியில்
ஆன்னிக்கியின் உதடு அசைந்தது,
ஒரு நீளமான வாக்கியத்துக்கு.

எனக்கு ஒரு சொல்கூட எட்டவில்லை.
மருத்துவர்
தலையாட்டினார்.