மூன்றில் ஒன்று

கிளிநொச்சி நீதிமன்றுக்குப் பின்னால்
போட்டோகொப்பிக் கடையோடு ஒட்டின அறை.
சட்டத்தரணி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டா:
சேர்ந்து இருந்தனீங்களோ?

இருந்தனாங்கள்.
தருமபுரத்தில் ஒரு தறப்பாளுக்குக் கீழே பதினொரு பேர்.
சுதந்திரபுரத்தில் ஒரு பங்கருக்குள் ஒன்பது பேர்.
ஒருக்கால் ஷெல் விழுந்தபோது
அவன் முழங்கை என் கன்னத்தில் இடித்தது.
"மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றான்.

அதைக் கேக்கேல்லைப் பிள்ளை, என்றா.

பதிவுத் துண்டில் திகதி இருக்கிறது.
இரண்டாயிரத்து எட்டு, கார்த்திகை.
அந்த மாதம் எங்கள் ஒழுங்கையில் ஏழு கலியாணம்,
ஒன்றுக்கும் மேளமில்லை.
கட்டினவர்களைக் கொண்டுபோகமாட்டினம் என்று
ஆரோ சொன்னார்கள்.
அவனுக்கு இருபது, எனக்குப் பத்தொன்பது.
மாசியில் கட்டினவர்களையும் கொண்டுபோனார்கள்.

சட்டத்தரணி விரல் மடித்தா.
கட்டின பிறகு வேறொருத்தியோடு தொடர்பு.
அல்லது, வன்மமாகக் கைவிட்டுப் போனது.
அல்லது, கட்டின அன்றைக்கே
அவனுக்குத் தீராத ஆண்மைக்குறைவு.
இரண்டு பேரும் வேண்டாம் என்றால் காணாதாம்.
ஆரோ ஒருத்தர் பிழை விட்டிருக்க வேணும்.

விட்டுப் போனது உண்மைதான்.
போகும்போது இரண்டு பேர்
அவன் கையைப் பிடித்திருந்தார்கள்.
செருப்பு என் காலடியில் கிடந்தது.
இதில் வன்மத்தை எங்கே எழுதுவது?

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை.
வீட்டுத்திட்டப் படிவத்தில்
'கணவர் கையொப்பம்' என்று ஒரு கோடு.
அதற்கு அவனை மாங்குளம் கராச்சிலிருந்து
ஒவ்வொருமுறையும் கூப்பிட ஏலாது.

வந்தான் கஜவதனன்,
நகத்துக்குள் கிறீஸ்.
"மூன்றாவதை எழுதச் சொல்லுங்கோ,
எனக்கொன்றும் குறையாது" என்றான்.
டொக்டரின்ர துண்டு கேப்பினம், என்றேன்.
சிரித்துவிட்டான், நானும்.
அப்ப இரண்டாவது.

விட்டுப் போனதென்றால் ஒரு வீடு வேணும்,
எந்த வீடு, எந்தத் திகதி.
எங்களுக்கு வீடு இருந்ததில்லை.
கன்ரீனில் பிளேன்ரீ ஆறுவதற்குள்
இரண்டு பேருமாக ஒன்றைக் கட்டினோம்:
பரந்தனில், றோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே,
இரண்டு அறை, தகரக் கூரை.
"தகரம் வேண்டாம், வெக்கை" என்றான்.
முற்றத்தில் மா என்றேன். பாலை என்றான்.
அதில் கொஞ்சநேரம் பிணங்கினோம்.

பிறகு படலையைத் திறந்து
அவனைப் போகச் சொன்னேன்.

திகதியை அவனே எழுதினான்.
ஏழுக்கு நடுவில் கோடு போடுகிறவன் என்று
இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.