இரண்டு எல்

கதவு தட்டுவது அவருக்குப் புதிதல்ல.
பஸ்ராவில் பூட்ஸ் காலால்;
லிங்கன்ஷயர் மழையில்
விரல் மடக்கி, மெல்ல.

முப்பத்தொன்பதாம் எண் வீட்டில்
துண்டறிக்கையை வாங்கவில்லை
திருமதி ஓல்டிரிட்ஜ்.
"உங்கள் கையெழுத்து தெரியும், மேஜர்.
இரங்கல் கடிதம் வந்தது.
ரஸ்ஸலுக்கு இரண்டு எல்.
நீங்கள் ஒன்றுதான் போட்டீர்கள்."

கோட்டில் குத்தியிருந்த கட்சி ரிப்பன்
சாயம் விட்டுக்கொண்டிருந்தது.

அறுநூற்றுப் பன்னிரண்டு வாக்கில் ஜெயித்தார்.
அவளுடையது அதில் உண்டா?
கேட்கவா முடியும்.

இன்று மன்றத்தில் மணி.
இன்னொரு போர்.
எட்டு நிமிடத்தில் கதவடைப்பார்கள்.
ஆதரவென்றால் வலப்பக்கம்,
எதிர்ப்பென்றால் இடம்.
டீயைப் பாதியில் விட்டு எல்லோரும் நகர,
அணிவகுத்துப் பழகிய கால்கள்
நடுவில் நிற்கின்றன.

பேனாவைத் திறந்து
உள்ளங்கையில் எழுதுகிறார்
ஓர் எல்.
பக்கத்தில் இன்னொன்று.

மணி நின்றுவிட்டது.