அளவு ஜாக்கெட்

அளவு ஜாக்கெட் கேட்டார் தையல்காரர்.
இல்லை என்றேன்.
யாருக்கு என்றார்.
பூவாடைக்காரிக்கு என்றதும்
கழுத்தில் தொங்கிய டேப்பைக் கையில் எடுத்தவர்
மறுபடி கழுத்திலேயே போட்டுக்கொண்டு
"உங்க அளவையே வெச்சிடட்டுமா?" என்றார்.
வைங்க என்றேன்.

அமுலக்கா,
உன்னை நான் பார்த்ததில்லை.
கூடத்துப் போட்டோவும் மார்புக்கு மேலேதான்.
உயரமா குள்ளமா என்று கேட்க
இருபத்திரண்டு வருஷமாக வாய் வரவில்லை.
எனக்குத் தெரிந்தது
உன் சீரில் வந்த இந்த டம்ளர்.
'அமுலு 9.6.99' என்று குத்தெழுத்து.
லுவின் சுழி பாதி தேய்ந்துவிட்டது,
என் கட்டைவிரல் பட்டு.
தினமும் அரிசி அளப்பது இதில்தான்.

வெள்ளிக்கிழமை யுவராணிக்குக் கல்யாணம்.
அதற்கு முன்னால் உன்னை அழைத்து
சேலை வைத்து, இலை போட்டுப் படைக்காவிட்டால்
கோபித்துக்கொள்வாய் என்கிறாள்
நாத்தனார் பச்சையம்மா.
எனக்கு அப்படித் தெரியவில்லை.
கோபிப்பதாக இருந்தால்
எப்போதோ கோபித்திருக்கலாம்.

உனக்கு என்ன பிடிக்கும்?
நெத்திலிக் கருவாடு என்றாள் பச்சையம்மா.
கருவாட்டு வாசனையே ஆகாதே என்றார்
ஆரணியிலிருந்து போனில் உன் அண்ணன்.
உன் புருஷன்
(என் புருஷனும்தான்)
பத்திரிகை ஓரங்களில் மஞ்சள் தடவிக்கொண்டே இருந்தார்.

அழைக்க ஆற்றுக்குத்தான் போகணும்.
விருதம்பட்டிலிருந்து பாலாறு கூப்பிடு தூரம்.
போய்ப் பார்த்துவிட்டு வந்த பம்பைக்காரர் முனிரத்தினம்
"மணலும் இல்ல, தண்ணியும் இல்ல,
கருவேலமும் சேறும்தான் கீது.
உங்க போர் கொழாய்லியே கூப்ட்டுக்கலாம்" என்றார்.
அதுவும் பாலாறுதானே,
நானூறு அடிக்குக் கீழே.

மஞ்சள் பூசி நூல் சுற்றிய செம்பைக்
குழாயடியில் ஏந்தி நின்றேன்.
சுவிட்சைப் போட்டதும் கரண்டு போனது.

இருட்டிலும் பம்பை நிற்கவில்லை.
முனிரத்தினம் உன் பெயரைச் சொல்லிச் சொல்லி
தெரிந்த அம்மன்களையெல்லாம் துணைக்குக் கூப்பிட்டார்.
கொசு கடித்தது.
மேடைக்கு என்ன நிறத்தில் பூ என்று
மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன்.
கையில் செம்பு லேசாக, ஒன்றுமில்லாமல்.

சட்டென்று உள்ளே ட்யூப்லைட் எரிந்தது,
மோட்டார் உறுமி, குழாய் காறித் துப்பி
என் மேலும் சேலை மேலும் செம்புக்குள்ளும் தண்ணீர்.
பச்சையம்மா கத்தினாள்:
"வந்துட்டா!"

கரண்டுக்கு 'வந்துடுச்சு' என்போம்.
அவள் சொன்னது 'வந்துட்டா'.
எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.
செம்பு கனத்தது.
தண்ணீர் நிறைந்தால் கனக்கும்தான்.

கொழுக்கட்டை, வடை, பாயசம், முருங்கைக்கீரை.
கருவாடும் வைத்தேன், இலையின் ஓரத்தில்,
பிடிக்காவிட்டால் ஒதுக்கிக்கொள்.
சூடம் ஏற்றப்போகும் நேரத்தில்
அவர் எழுந்து வெளியே போனார்.
கப் ஐஸ் ஒன்று வாங்கி வந்து
மரக்கரண்டியோடு இலையில் வைத்தார்.
யாரும் கேட்கவில்லை.
சுவரைப் பார்த்துச் சொன்னார்:
"ஆஸ்பத்திரில கடைசியா இதான் கேட்டா.
சளி புடிக்கும்னு நான்தான் வாங்கித் தரல."

ஐஸ் வண்டி மணி கேட்டால்
இவர் எழுந்து உள்ளே போவதைச்
சிக்கனம் என்று நினைத்திருந்தேன், அக்கா.

மூடியைத் திறந்து வைத்தார்.
உருகி வழிந்து கொழுக்கட்டை பக்கம் ஓடியது.
யுவராணி சோற்றால் அணை கட்டினாள்.
"அம்மா, ஒரு கிண்ணம் எடு" என்றாள்.
ஒரு நொடி
நீ எழுந்து போவாய் என்று
உட்கார்ந்திருந்துவிட்டேன்.

சேலையை நீயே கட்டிக்கோ என்று
மடியில் போட்டுவிட்டுப் போனாள் பச்சையம்மா.
கதவைச் சாத்திப் போட்டுப் பார்த்தேன்.
ஜாக்கெட் கையில் கொஞ்சம் பிடிக்கிறது.
என் அளவுதான் கொடுத்தேன்.

காலையில் சம்பந்தி வீட்டார் பதினோரு பேர்.
இட்லிக்கு அரிசி ஊற வைக்கணும்.
உன் டம்ளரில் அளந்து போட்டுக்கொண்டே வந்ததில்
எட்டா ஒன்பதா, எண்ணிக்கை விட்டுப்போயிற்று.
இருக்கட்டும்,
இன்னொன்று போடுகிறேன்.